துளை பொருந்தினால் போதுமா?
பழைய எஞ்சினுக்கு வேறு ‘ஹெட்’ மாட்டும் முன் ஒரு சின்னக் கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் பெரியப்பா வீட்டிற்குப் போய்விட்டு அப்பா கிள்ளானுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். ஃபெடரல் நெடுஞ்சாலையில் வழக்கமான மாலை நேர நெரிசல். பழையதாகிப் போயிருந்த ரேடியேட்டர் ரப்பர் குழாய் வெடித்து, தண்ணீர் முழுவதும் கொட்டிவிட்டது. அப்பா வண்டியை ஓரங்கட்டுவதற்குள் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது. வண்டி 1.5 லிட்டர் புரோட்டோன் சாகா இஸ்வாரா. நாங்கள் பள்ளிக்குப் போய் வந்த கார்.

பட்டறையில் பிரித்துப் பார்த்தபோது சிலிண்டர் ஹெட் வளைந்திருந்தது தெரிந்தது.

“இது இனி வேலைக்கு ஆகாதுண்ணே. 1.3 சாகாவோட ஹெட் ஒன்னு கிடக்குது, மாட்டிறலாம். ரெண்டும் ஒரே குடும்பந்தான். போல்ட் ஓட்டையெல்லாம் அப்படியே உட்காரும்” என்றார் மெக்கானிக்.

அப்படியே உட்கார்ந்தது. முதல் வாரம் அப்பாவுக்கு ஒரே மகிழ்ச்சி. “வண்டிக்குப் புதுசா பலம் வந்திருச்சும்மா” என்றார். அடுத்த மாதம் குடும்பத்தோடு காராக் நெடுஞ்சாலையில் ஏறும்போது, தகர டப்பாவுக்குள் கோலிக்குண்டுகளைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம் கேட்டது. மூன்றாவது மாதம் புகைக்குழாயில் நீலப் புகை. மறுபடி பிரித்தால், ஒரு பிஸ்டனில் வளையம் உட்காரும் விளிம்பு உடைந்திருந்தது.

அப்பா என்னிடம் கேட்டார்: “ஓட்டையெல்லாம் சரியாத்தானே உட்கார்ந்துச்சு? அப்புறம் ஏம்மா இப்படி?”

நான் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவள். இந்தக் கேள்விக்கு விடை படிவம் நான்கு மாணவர்களுக்குத் தெரிந்த கணக்குக்குள்ளேயே இருக்கிறது. பழைய சாகா, மைனர், மினி வண்டிகளை இன்னும் வைத்திருக்கும் வாசகர்களுக்கு அது பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

வெறும் மூடி இல்லை

எஞ்சினை இரண்டு பாகமாக நினைத்துக்கொள்ளுங்கள். கீழே இருப்பது பிளாக். அதில் குடைந்த சிலிண்டர்களுக்குள் பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடுகின்றன. அதன் மேல் போல்ட் போட்டு இறுக்கப்படுவது ஹெட். இரண்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் மெல்லிய தகடு கேஸ்கெட்.

வீட்டில் 3 லிட்டர் குக்கரின் மூடி சில சமயம் 5 லிட்டர் குக்கருக்கும் பொருந்திவிடும். சோறும் வெந்துவிடும். அதே பழக்கத்தில் ஹெட்டையும் நாம் மூடி என்று நினைத்துவிடுகிறோம். குக்கர் மூடி மாறினாலும் பாத்திரத்தின் கொள்ளளவு பெரிதாக மாறாது. எஞ்சின் ஹெட்டின் அடிப்பக்கம் அப்படித் தட்டையாக இருப்பதில்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் நேர் மேலே ஒரு குழி குடையப்பட்டிருக்கும். வால்வுகளும் ஸ்பார்க் பிளக்கும் அந்தக் குழிக்குள்தான் இருக்கின்றன. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முழுவதும் அந்தச் சிறு குழிக்குள் நெருக்கப்பட்டு, அங்கேயே பற்றி எரிகிறது. ஆகவே ஹெட்டை மாற்றும்போது நாம் அடுப்பையே மாற்றுகிறோம்.

ஒரு குடும்பம், இரண்டு பிள்ளைகள்

1985 ஜூலை 9ஆம் நாள் அறிமுகமான புரோட்டோன் சாகா, மிட்சுபிஷி நிறுவனத்தின் எஞ்சின்களோடு வந்தது. 1.3 லிட்டர் எஞ்சினுக்கு 4ஜி13 என்றும், 1.5 லிட்டர் எஞ்சினுக்கு 4ஜி15 என்றும் பெயர். இரண்டும் ‘ஓரியன்’ குடும்பம். இரண்டிலும் நான்கு சிலிண்டர்கள், வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், பெல்ட்டில் ஓடும் ஒரே கேம் தண்டு.

பிஸ்டன் மேலிருந்து கீழே ஓடும் தூரமும் இரண்டிலும் ஒன்றுதான்: 82 மில்லிமீட்டர். முக்கிய வித்தியாசம் சிலிண்டரின் விட்டத்தில் இருக்கிறது. 1.3இல் அது 71 மி.மீ.; 1.5இல் 75.5 மி.மீ. நாலரை மில்லிமீட்டர் என்பது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு சிலிண்டரின் கொள்ளளவைக் கணக்கிட்டால் 1.3இல் சுமார் 325 கன செ.மீ., 1.5இல் சுமார் 367 கன செ.மீ. வருகிறது. நான்கால் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 1300, 1468 என்று நமக்குப் பழக்கமான ‘சிசி’ எண்கள் கிடைக்கும்.

அமுக்க விகிதம்

பிஸ்டன் அடியில் இருக்கும்போது அதற்கு மேலே உள்ள மொத்த இடத்தை, பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மிஞ்சியிருக்கும் இடத்தால் வகுத்தால் வருவது அமுக்க விகிதம். கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பதை அது சொல்கிறது.

ஓர் எடுத்துக்காட்டுக்காக, இரண்டு எஞ்சின்களுமே 9.5 மடங்கு நெருக்குவதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1.3இல் உச்சியில் மிஞ்சும் இடம் 325ஐ 8.5ஆல் வகுத்தால் வருவது, அதாவது சுமார் 38 கன செ.மீ. 1.5இல் 367ஐ 8.5ஆல் வகுக்க வேண்டும். அது சுமார் 43 கன செ.மீ. பெரிய சிலிண்டருக்குப் பெரிய குழி. இரண்டையும் வடிவமைத்தவர்கள் இப்படித்தான் ஜோடி சேர்த்திருப்பார்கள்.

இப்போது 1.3இன் ஹெட்டைத் தூக்கி 1.5இன் பிளாக் மேல் வைப்போம். 367 கன செ.மீ. கலவை வந்து சேர்கிறது. ஒடுங்க இருப்பதோ 38 கன செ.மீ. இடம்தான். 367உடன் 38ஐக் கூட்டி, 38ஆல் வகுத்தால் ஏறத்தாழ 10.6. போல்ட் துளை ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் 9.5 மடங்கு நெருக்கிய எஞ்சின் இப்போது 10.6 மடங்கு நெருக்குகிறது.

தலைகீழாகச் செய்தால்? 1.5இன் ஹெட்டை 1.3இன் பிளாக் மேல் வைத்தால் விகிதம் சுமார் 8.5க்கு இறங்கிவிடும். எஞ்சின் உடையாது. ஆனால் வண்டி சோம்பிப் போகும், அதே தூரத்திற்குக் கூடுதல் பெட்ரோல் குடிக்கும்.

இவை மாதிரி எண்கள் என்பதை நினைவில் வையுங்கள். உண்மையான குழியின் அளவு ஆண்டுக்கு ஆண்டு, மாடலுக்கு மாடல் மாறும். பிஸ்டன் தலையின் வடிவமும் கேஸ்கெட்டின் கனமும் கணக்கில் சேரும். ஆனால் மாற்றம் எந்தத் திசையில் போகும் என்பதை இந்தக் கணக்கு சரியாகவே காட்டும்.

லாபம் மூன்று, சுமை பதினைந்து

அப்பா உணர்ந்த ‘புதுப் பலம்’ பிரமை இல்லை. கலவையை அதிகம் நெருக்கினால், அதே பெட்ரோலிலிருந்து அதிக வேலை கிடைக்கும் என்பது வெப்ப இயக்கவியலின் விதி. விகிதம் 9.5இலிருந்து 10.6க்கு ஏறினால், பாடப்புத்தகச் சூத்திரத்தின்படி கிடைக்கும் ஆதாயம் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் இருக்கும்.

விலை என்ன? தீப்பொறி பாய்வதற்கு முன்பே கலவையின் அழுத்தம் சுமார் 15 விழுக்காடு கூடிவிடுகிறது. சைக்கிள் பம்பை அழுத்தும்போது அதன் அடிப்பாகம் சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே காரணத்தால் கலவையின் வெப்பநிலையும் சுமார் 20 பாகை கூடுகிறது. இந்த இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

முறையாக எரியும்போது, ஸ்பார்க் பிளக்கில் பிறக்கும் தீ ஓர் அலைபோல் குழி முழுவதும் பரவும். தீ வந்து சேரும்வரை மூலையில் உள்ள கலவை காத்திருக்க வேண்டும். அழுத்தமும் வெப்பமும் அளவுக்கு மீறினால் அந்த மூலைக் கலவை பொறுமை இழந்து, தீ வருவதற்கு முன்பே தானாக வெடிக்கிறது. அந்த அதிர்வலை பிஸ்டனையும் சிலிண்டர் சுவரையும் சுத்தியல் கொண்டு அடிப்பதுபோல் அடிக்கும். நாம் கேட்ட கோலிக்குண்டு சத்தம் அதுதான். ‘நாக்கிங்’ என்பார்கள். மேடேறும்போது எஞ்சின் மீது பாரம் கூடுவதால் சத்தமும் அப்போதுதான் அதிகம் கேட்கும். நாள்கணக்கில் அடி வாங்கினால் பிஸ்டனின் மெல்லிய விளிம்பு உடையும். சில சமயம் கேஸ்கெட் கிழியும்.

பெட்ரோல் நிலையத்தில் பார்க்கும் ‘ரோன் 95’, ‘ரோன் 97’ எண்கள் இந்தப் பொறுமையைத்தான் அளக்கின்றன. ஐசோ-ஆக்டேன் என்னும் பொருளுக்கு 100 மதிப்பெண். எளிதில் வெடித்துவிடும் ஹெப்டேனுக்கு 0. தொண்ணூற்றைந்து பங்கு ஐசோ-ஆக்டேனும் ஐந்து பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எவ்வளவு தாங்குமோ, அவ்வளவு தாங்கும் பெட்ரோல்தான் ரோன் 95. எண் கூடினால் பெட்ரோலுக்குச் சக்தி கூடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கூடுவது பொறுமை மட்டுமே.

இன்றைய கார்களில் நாக்கிங்கை உணரும் கருவி இருக்கிறது. சத்தம் நம் காதில் விழுவதற்கு முன்பே கணினி தீப்பொறியின் நேரத்தைத் தள்ளிவைத்து எஞ்சினைக் காப்பாற்றிவிடும். கார்புரேட்டர் வைத்த பழைய வண்டியில் அந்தக் காவலன் இல்லை. நம் காதுதான் அந்தக் கருவி.

பெரியப்பாவின் மோரிஸ் மைனர்

கொள்ளளவு சரியாக இருந்தாலும் இன்னொரு பொறி உண்டு. அதைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவர் பிரிக்பீல்ட்ஸ் பெரியப்பா. அந்தக் காலத்தில் அவர் மோரிஸ் மைனர் வைத்திருந்தார்.

மைனரிலும் மினியிலும் இருந்தது பிரிட்டனின் ‘ஏ-சீரிஸ்’ எஞ்சின். 1951இல் ஆஸ்டின் ஏ30 காரில் 803 சிசி அளவில் தொடங்கி, 1952இல் மைனருக்கும் 1959இல் மினிக்கும் வந்து, 1275 சிசி வரை வளர்ந்து, பழைய மினியின் தயாரிப்பு நின்ற 2000ஆம் ஆண்டு வரை ஓடியது. அரை நூற்றாண்டுக் குடும்பம் என்பதால் தம்பியின் ஹெட்டை அண்ணனுக்கும், அண்ணனின் ஹெட்டைத் தம்பிக்கும் மாட்டிப் பார்க்கும் பழக்கம் உலகெங்கும் உண்டு.

சிறிய 998 சிசி மினிக்காரர்கள் அதிகம் ஆசைப்படுவது 1275இன் ஹெட்டுக்குத்தான். வார்ப்பில் ‘12ஜி940’ என்ற எண் பொறித்திருக்கும். அதில் வால்வுகள் பெரியவை. எஞ்சின் தாராளமாக மூச்சு விடும். ஆனால் 1275இன் சிலிண்டர் விட்டம் 70.6 மி.மீ.; 998இல் அது 64.6 மி.மீ. மட்டுமே. பெரிய வீட்டுக் கதவைச் சின்ன வீட்டுக்கு மாட்டினால், திறக்கும்போது சுவரில் இடிக்கும் அல்லவா? அப்படித்தான் இங்கும். ஹெட் பிளாக்கின் மேல் அழகாக உட்காரும். எஞ்சினைச் சுற்றினால், புகையை வெளியேற்றும் வால்வு கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் போகாமல் பிளாக்கின் விளிம்பில் மோதும்.

இதற்கு வழி இருக்கிறது. வால்வு இறங்கும் இடத்தில் பிளாக்கின் விளிம்பைச் சிறு பள்ளமாகக் குடைவார்கள். அளவு மீறிக் குடைந்தால் பள்ளம் பிஸ்டன் வளையம் ஓடும் இடம்வரை போய்விடும். பிறகு அமுக்கமே நிற்காது. இங்கே மில்லிமீட்டர் பிசகினாலும் பிளாக் வீணாகும்.

சாகாவிலும் இதற்கு ஒப்பான கேள்வி உண்டு. முதலில் 8 வால்வுகளோடு வந்த எஞ்சின், 1980களின் இறுதியில் 12 வால்வுகளுக்கு மாறியது. 12 வால்வு ஹெட்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு உள்வால்வு, ஒரு வெளிவால்வு. 8 வால்வு பிளாக்கின் மேல் 12 வால்வு ஹெட்டை வைக்க விரும்புபவர், பிஸ்டன் தலையில் அந்த வால்வுகளுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். காற்றுக் குழாய்த்தொகுதி, புகைக் குழாய்த்தொகுதி எல்லாம் கூடவே மாறும்.

அளப்பது எப்படி?

குழியின் கொள்ளளவை அளக்கப் பள்ளி ஆய்வுக்கூடத்துப் பியூரெட் போதும். ஹெட்டைத் தலைகீழாக, மட்டம் பார்த்து வைக்க வேண்டும். வால்வுகள் மூடியிருக்கட்டும், ஸ்பார்க் பிளக்கையும் மாட்டிவிடுங்கள். குழியின் விளிம்பைச் சுற்றி மெல்லக் கிரீஸ் தடவி, சிறு துளையிட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டை அதன் மேல் ஒட்டவைக்க வேண்டும். பியூரெட்டில் மண்ணெண்ணெய் நிரப்பி, துளை வழியே சொட்டுச் சொட்டாக விட்டு, கடைசிக் காற்றுக் குமிழி வெளியேறியதும் நிறுத்துங்கள். எத்தனை மில்லிலிட்டர் இறங்கியதோ அதுவே குழியின் அளவு. ஒரு மில்லிலிட்டரும் ஒரு கன செ.மீட்டரும் ஒன்றுதான். நான்கு குழிகளையும் அளக்க வேண்டும். அருகில் தீ, புகை எதுவும் வேண்டாம்.

அதோடு கேஸ்கெட்டின் இடத்தையும் கூட்ட வேண்டும். 75.5 மி.மீ. வட்டத்தின் பரப்பு சுமார் 44.8 சதுர செ.மீ. கேஸ்கெட் இறுகிய பின் 1.2 மி.மீ. கனம் என்றால், 44.8ஐ 0.12ஆல் பெருக்க 5.4 கன செ.மீ. உச்சியில் பிஸ்டன் பிளாக்கின் மேல்மட்டத்திற்குச் சற்றுக் கீழே நின்றால் அந்த இடைவெளியையும், பிஸ்டன் தலையில் பள்ளம் இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும்.

வால்வு எதிலும் இடிக்குமா என்று பார்க்கக் குழந்தைகளின் களிமண் போதும். பிஸ்டன் தலையில் ஒரு துண்டு ஒட்டி, ஹெட்டை மாட்டி, டைமிங் பெல்ட்டையும் முறைப்படி பூட்டி, எஞ்சினைக் கையால் மெதுவாக இரண்டு சுற்று சுற்றுங்கள். கை எங்காவது தடைபட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். பிறகு பிரித்து, நசுங்கிய களிமண்ணின் கனத்தை அளந்தால் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று தெரிந்துவிடும். கேஸ்கெட்டைப் பிளாக்கின் மேல் வைத்து, தண்ணீர், எண்ணெய் வழிகள் ஒவ்வொன்றும் நேராக இருக்கின்றனவா என்று பார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான்.

வளைந்த ஹெட்டைத் தூக்கி எறியலாமா?

அப்பாவின் பழைய ஹெட் ஏன் வளைந்தது? அலுமினியம் சூட்டில் விரியும் அளவு, வார்ப்பிரும்பு விரிவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. 40 செ.மீ. நீளமுள்ள ஒரு ஹெட், 30 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடானால், கீழே உள்ள இரும்பு பிளாக்கைவிட மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அதிகம் நீள முயலும். சாதாரண நாள்களில் கேஸ்கெட் அந்த இழுபறியைச் சமாளித்துக்கொள்கிறது. தண்ணீர் இல்லாமல் சூடு எல்லை மீறும்போது, போல்ட்டுகள் பிடித்து வைத்திருக்கும் ஹெட் நீள வழியில்லாமல் வளைகிறது. ஏ-சீரிஸ் எஞ்சினில் ஹெட்டும் பிளாக்கும் இரண்டுமே இரும்பு என்பதால் இந்த இழுபறி குறைவு.

வளைவைக் காண நேரான எஃகு அளவுகோலை ஹெட்டின் அடியில் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, இடையில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். நாம் எழுதும் ஏ4 தாளின் கனம் சுமார் 0.1 மி.மீ. அந்த அளவு இடைவெளியே கவலைக்குரியது. வளைவு குறைவாக இருந்தால் லேத் பட்டறையில் சீவி மட்டமாக்கலாம். சீவினாலும் குழி சுருங்கும் என்பதை மறக்கக் கூடாது. 0.3 மி.மீ. சீவினால், 1.5 எஞ்சினில் அதிகபட்சம் 1.3 கன செ.மீ. குறையும், நம் எடுத்துக்காட்டில் விகிதம் 9.5இலிருந்து 9.8 பக்கம் போகும். இதை எஞ்சின் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். இரண்டாம் முறை, மூன்றாம் முறை சீவும்போது கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

வேறு ஹெட் மாட்டலாம் என்று யாராவது சொன்னால் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

இந்த ஹெட் எத்தனை சிசி எஞ்சினுடையது? எத்தனை வால்வு?

குழி எத்தனை கன செ.மீ. என்று அளந்தீர்களா? என் பிளாக்கோடு சேர்த்தால் விகிதம் என்ன?

வால்வு எதிலும் இடிக்காது என்று களிமண் வைத்துப் பார்த்தீர்களா?

மட்டம் பார்த்தாயிற்றா? கேஸ்கெட் என் பிளாக்கின் விட்டத்திற்கு ஏற்றதா? புதியதா? போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கையேடு சொல்லும் வரிசையில், டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குவீர்களா?

பதில் தெரிந்த மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். நன்றாக வேலை செய்பவர்கள் இப்படிக் கேட்கும் வாடிக்கையாளரை விரும்புவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவின் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பிஸ்டன், நான்கு சிலிண்டருக்கும் புது வளையங்கள், உடைத்துப்போட்ட வேறொரு 1.5 இஸ்வாராவின் ஹெட் என்று மறுபடியும் செலவு. இந்த முறை பியூரெட்டோடு நானும் போனேன். நான்கு குழிகளையும் அளந்து தாளில் எழுதினோம். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வகுத்தல் கணக்கைத் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தார். விடை சரியாக வந்த பிறகுதான் “மாட்டுங்க” என்றார்.

வண்டி இன்னும் ஓடுகிறது. காராக் மேட்டில் சத்தம் இல்லை. அந்தத் தாளை அப்பா காரின் முன்பெட்டியில், சாலை வரிக் காகிதத்தோடு சேர்த்து மடித்து வைத்திருக்கிறார். அடுத்து யார் அந்த எஞ்சினைத் திறந்தாலும் அவர்களுக்கு அது உதவும்.